கறந்த பால் வேண்டும், பச்சையாக வேண்டாம்

சென்னையில் பதினோரு வருடம் பாக்கெட் பால்தான். குடித்த அரை மணி நேரத்தில் வயிறு பொருமும், இரைச்சல் போடும். பாலில் என்னவோ கலக்கிறார்கள் என்று நானே முடிவு கட்டியிருந்தேன். வலங்கைமான் பக்கம் சொந்த ஊருக்கே திரும்பி வந்ததும், பக்கத்துத் தெருவில் மாடு வைத்திருக்கும் அக்காவிடம் தினம் ஒரு லிட்டர் சொல்லிவைத்தேன்.

அப்போது சித்தப்பா சொன்னார்: "காய்ச்சாம குடிடா. காய்ச்சினா ஜீரணிக்கிற சத்தெல்லாம் செத்துப்போயிடும். பச்சைப் பால் வயித்த ஒண்ணும் பண்ணாது." நம்பினேன். மூன்று வாரம் கறந்த சூட்டோடு குடித்தேன். அதே பொருமல், அதே இரைச்சல். கடைசியில் இரண்டு நாள் பேதியும் ஆனது.

அதற்கப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். பாலில் இருக்கும் சர்க்கரை லாக்டோஸ். அதை உடைக்கும் லாக்டேஸ் என்ற நொதி நம் சிறுகுடலில்தான் சுரக்கிறது. குழந்தைப் பருவம் தாண்டியதும் நம்மில் நிறையப் பேருக்கு அது குறைந்துவிடும். உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் அங்கே நொதித்து வாயு உண்டாக்குகிறது. பச்சைப் பாலிலும் அதே சர்க்கரைதான், ஏறக்குறைய அதே அளவு. காய்ச்சினால் சாக அந்த நொதி பாலில் இருந்தால்தானே? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள், பால் ஒத்துக்கொள்ளாத 16 பேருக்கு பச்சைப் பாலையும் சூடாக்கிப் பதப்படுத்திய பாலையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். பச்சைப் பால் குடித்தபோதும் தொந்தரவு குறையவில்லை.

நம் பாட்டிமார்கள் யாராவது பச்சைப் பால் குடித்துப் பார்த்திருக்கிறீர்களா? பச்சைப் பால் சாமிக்கு அபிஷேகத்துக்குப் போகும். வீட்டில் குடிக்க என்றால் பொங்கக் காய்ச்சியதுதான். சீம்பாலைக்கூட வெல்லம் போட்டு வேகவைத்துத்தான் தருவார்கள். மாட்டுக்குப் புருசெல்லா என்ற கிருமி தொற்றியிருந்தால் சினை கலைந்து கன்று வீசும். அதே கிருமி காய்ச்சாத பால் வழியாக நமக்கு வந்தால் விட்டுவிட்டு வரும் காய்ச்சல், மூட்டுவலி என்று மாதக்கணக்கில் படுத்தும். மாட்டுக் காசநோயும் இப்படிப் பரவக்கூடியதே. எவ்வளவு சுத்தமாகக் கறந்தாலும் இதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. பாக்கெட் பாலைக் கிருமி சாக பாஸ்டரைஸ் செய்வது என்றால் 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்குவது, அவ்வளவுதான். அதை விஷம் மாதிரி பேசுவது எனக்குக் கோபத்தையே வரவழைக்கிறது.

சரி, அப்படியானால் பாக்கெட்டுக்கே திரும்பிவிட்டேனா? இல்லை. கறந்த பாலைக் காய்ச்சி ஆறவைத்தால் மேலே விரல் கனத்துக்கு ஏடு நிற்கிறது. கொழுப்பை நுண்ணிய துளிகளாக உடைத்துச் சீராக்கிய பாக்கெட் பாலில் அந்த ஏட்டைத் தேட வேண்டியிருக்கிறது. நாலு நாள் ஏட்டைச் சேர்த்து உறை ஊற்றிக் கடைந்தால் வெண்ணெய். அக்கா வீட்டு மாடு தின்பது எங்கள் வயல் வைக்கோல். சொசைட்டியில் கொழுப்பு பார்த்துப் போடும் விலையைவிட நான் கொடுப்பது அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கட்டுகிறது. அந்தக் காசு நின்றால் அடுத்த வருஷம் கொட்டில் காலியாகிவிடும். இந்த மண்ணின் உம்பளாச்சேரி மாடு அப்படித்தான் அருகிப்போனது. அது பாலுக்கான மாடே இல்லை, சேற்று உழவுக்கான மாடு. டிராக்டர் வந்தது, உழவு போனது. பாலும் நாளுக்கு இரண்டு லிட்டர் அளவில்தான் என்றால் யார் கட்டிவைத்துத் தீனி போடுவார்கள்?

என் வயிற்றுக்கு வழி கடைசியில் தயிரில் கிடைத்தது. உறையில் இருக்கும் கிருமிகள் லாக்டோஸில் ஒரு பங்கைத் தாங்களே தின்றுவிடுகின்றன, மீதியைக் குடலுக்குள்ளும் உடைக்க உதவுகின்றன. இப்போது காலையில் காபிக்கு மட்டும் கொஞ்சம் பால், மற்றதெல்லாம் மோரும் தயிரும். பொருமல் இல்லை.

பச்சையாகக் குடிக்கச் சொல்லிக் குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் கொடுக்கிறவர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், ஒரு கொதி விட்டுக் கொடுங்கள். அக்காவிடம் நாளையிலிருந்து அரை லிட்டர் சேர்த்து ஊற்றச் சொல்லியிருக்கிறேன், தயிருக்கு.