"சரிசெய்யப்பட்டது" என்று எழுதினால் போதுமா?

ஒரே மொபைல் டவர். மூன்று மாதத்தில் ஏழு டிக்கெட், அதாவது ஏழு கோளாறுப் பதிவுகள். ஏழையும் எடுத்துப் பார்த்தேன், மூடியவர்கள் எழுதியது ஒரே வார்த்தை: "சரிசெய்யப்பட்டது". என்ன கோளாறு, எதனால் வந்தது என்று ஒரு வரி கிடையாது.

எட்டாவது முறை ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம் வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். வி.எஸ்.டபிள்யூ.ஆர். அலாரம். அதாவது ஆன்டெனாவுக்குப் போக வேண்டிய சக்தி பாதியிலேயே திரும்பி வருகிறது. ரேடியோ யூனிட்டையே மாற்றச் சொல்லலாமா என்று பேசிக்கொண்டிருந்தோம். எதற்கும் கேட்போம் என்று, முன்பு அந்தப் பகுதியைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் ஒருவருக்கு போன் போட்டேன்.

"மழை பெஞ்சுதா? அப்ப மேல ஜம்பர் கனெக்டர்ல தண்ணி இறங்கியிருக்கும். டேப் விட்டிருக்கும் பாரு. வெயில்ல காஞ்சா அலாரம் தானா போயிடும், பகல்ல போறவங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

விடிந்ததும் ஏறிப் பார்த்தார்கள். அவர் சொன்ன அதே இடம், ஆன்டெனாவுக்குப் போகும் சின்ன கேபிளின் இணைப்பு.

இப்படி ஆட்களின் தலையில் இருக்கும் அனுபவத்தைச் சேர்த்து வைத்துப் பகிர்வதைத்தான் அறிவு மேலாண்மை என்கிறார்கள். அந்தப் பேச்சு வந்ததும் நிர்வாகம் ஒரு போர்ட்டல் வாங்குகிறது. 2018இல் ஐ.எஸ்.ஓ. 30401 என்று இதற்கென ஒரு தரநிலையே வந்துவிட்டது. சரி, இருக்கட்டும். ஆனால் அந்த அண்ணன் தலையில் இருப்பது போர்ட்டலுக்கு எப்படி வரும்? 1990களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் யுரேகா திட்டத்தில், நகல் இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர்களே குறிப்புகளை எழுதினார்கள். சக தொழிலாளர்கள் சரிபார்த்தார்கள். எழுதியவர் பெயரோடு அது எல்லோருக்கும் போனது. அந்தப் பெயர் எவ்வளவு பெரிய விஷயம் என்பது ஃபீல்டில் வேலை பார்த்தவர்களுக்குப் புரியும்.

இன்னொன்றையும் பேசியாக வேண்டும். ஃபீல்டு வேலையில் பெரும்பகுதி ஒப்பந்தத்தில் நடக்கிறது. ஒப்பந்தம் கைமாறினால் ஆட்கள் போகிறார்கள், எந்த டவரில் எந்த ரெக்டிஃபையர் (ஏ.சி. மின்சாரத்தை டி.சி.யாக மாற்றும் கருவி) மக்கர் பண்ணும் என்கிற விவரமும் அவர்களோடு போய்விடுகிறது. "எல்லாத்தையும் எழுதிக் கொடுத்துட்டா அப்புறம் என்னை எதுக்கு வெச்சிருப்பாங்க?" என்று என்னிடமே ஒருவர் கேட்டார். அந்தப் பயம் நியாயமானது. அதற்குப் பதில் சொல்லாமல் "அறிவைப் பகிருங்கள்" என்று மின்னஞ்சல் அனுப்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

காரணம் எழுதாமல் டிக்கெட் மூடக் கூடாது என்று வையுங்கள். எழுதுவதற்கு வேலை நேரத்திலேயே பத்து நிமிடம் கொடுங்கள். பழைய குறிப்புகளைக் கழித்துக்கட்ட ஓர் ஆளைப் போடுங்கள், தவறான குறிப்பை நம்பி டவர் ஏறுவது ஆபத்து.

எட்டாவது டிக்கெட்டில் நான் முழுக் காரணத்தையும் எழுதினேன். கண்டுபிடித்தவர் பெயரைப் போட எங்கள் மென்பொருளில் இடமில்லை. குறிப்பின் கடைசி வரியில் அண்ணன் பெயரைச் சேர்த்துவிட்டு மூடினேன்.