பசியாறும் மேசையும் ஓவியம்தான்

இரண்டு ஆண்கள் பசியாறும் கொலாஜ் (வெட்டி ஒட்டிய படம்) வந்திருக்கும் கட்டுரையின் கீழே, படங்களை வெட்டி ஒட்டுவதெல்லாம் ஓவியமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓவியம்தான். பெர்லினில் ஹன்னா ஹோக் என்ற பெண் ஓவியர் 1920களிலேயே பத்திரிகைப் படங்களைக் கத்தரித்து, ஆண் பெண் உருவங்களைக் கலந்து ஒட்டியவர். டில் ப்ருக்மன் என்ற பெண் எழுத்தாளரோடு பல ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்தவரும்கூட.

கட்டுரையில் உள்ள அந்தக் கொலாஜில் இரண்டு ஆண்கள் பசியாறுகிறார்கள், அவ்வளவுதான். மேசை விரிப்பு பழைய நாள்காட்டித் தாள். கோப்பிக் குவளையின் விளிம்பில் காகிதம் லேசாகக் கிழிந்து, பசை தெரிகிறது. அந்த இடத்திலேயே என் கண் நின்றுவிட்டது.

2018இல் இங்கே மலேசியாவின் பினாங்கில், ஜார்ஜ்டவுன் கலைவிழாக் கண்காட்சியிலிருந்து திருநங்கைச் செயற்பாட்டாளர் நிஷா அயூப்பின் படத்தை இறக்கினார்கள். அந்த வருத்தம் எனக்கு இன்னும் ஆறவில்லை. இங்குள்ள ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் என் தம்பியும் அவன் துணைவரும் ஞாயிறு காலையில் இப்படித்தான் எதிரெதிரே உட்கார்ந்து தோசை சாப்பிடுவார்கள். அதையும் யாராவது வரைந்து, இங்கேயே ஒரு சுவரில் மாட்ட வேண்டும்.