அந்தக் கல்வாழையை எதற்கு வழித்தீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம்ம ஊர் ஓடையில் ஜேசிபி விட்டு வழித்த படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். புதரை அகற்றினோம் என்று பெருமையாகப் போட்டிருக்கிறார்கள். ஏனுங்க, புதரா அது? நொய்யல் ஆற்றில் கலக்கும் சாக்கடையை வடிகட்ட நம்ம பசங்க ஜல்லி கொட்டி, கல்வாழையும் சம்புக் கோரையும் நட்டு வளர்த்த பாத்தி.

செடி என்ன கிழித்துவிடும் என்கிறார்கள். தண்ணீர் ஜல்லிக்குள் மெதுவாக நகரும்போது கசடு தங்கிவிடும். வேரை ஒட்டி வாழும் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்னும். தழைச்சத்தையும் மணிச்சத்தையும் செடி எடுத்துக்கொள்ளும். வளர்ந்ததை அவ்வப்போது அறுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அழுகி, எடுத்ததைத் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். பசங்க அறுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். மேலே கறுப்பாக வந்த தண்ணீர் கீழே தெளிந்து இறங்கியதை, மூக்கைப் பொத்தாமல் நின்று பார்த்தவன் நான்.

கொசு வரும் என்றார் ஓர் அண்ணன். ஜல்லிக்கு அடியில் ஓடும் தண்ணீரில் கொசு எப்படிங்கண்ணா முட்டையிடும்? தேங்கிய சாக்கடையில்தான் இடும். இப்போது அதுதான் அங்கே இருக்கிறது.

ஆகாயத்தாமரையும் இதுவும் ஒன்றுதானே என்பவர்களுக்கு: அது மிதந்து போய்க் குளத்தையே மூடும். கல்வாழை நட்ட இடத்தில் நிற்கும்.

சரி, சாயத் தண்ணீருக்கு? அதற்கு இந்தப் பாத்தி போதாது, ஒத்துக்கொள்கிறேன். சாயம் துணியில் ஏறுவதற்குக் கொட்டுகிற உப்பு தண்ணீரில் கரைந்தே வரும், கல்வாழை அதைப் பிரித்தெடுக்காது. சாயப்பட்டறைக்காரர்கள்தான் சுத்திகரிக்க வேண்டும். 2011இல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது அதற்காகத்தான். ஆனால் நம்ம ஓடையில் வருவது நம்ம வீட்டுச் சாக்கடை. அதற்கும் திருப்பூரைக் கைகாட்டினால் எப்படி?

என் அப்பிச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊர் ஒரத்துப்பாளையம் பக்கம். 1992இல் அங்கே நொய்யலின் குறுக்கே பாசனத்துக்கென்று கட்டிய அணையில் சாயக்கழிவு தேங்கியது. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகவில்லை என்று அம்மிச்சி புலம்பியது இன்னும் காதில் இருக்கிறது. அணையைத் திறக்கச் சொல்லித்தான் விவசாயி கேட்பான். திறந்துவிடாதீர்கள் என்று கெஞ்சியவர்கள் எங்கள் ஆட்கள். அந்த ஆற்றுக்கு யாரோ நாலு பசங்க கைக்காசு போட்டு ஒரு நல்லது செய்தால், ஒரு வார்த்தை கேட்காமல் வழித்துப் போடுவீர்களா? வயிறு எரிகிறது.

கிழங்கெல்லாம் இன்னும் கரையில்தான் கிடக்கிறது. காய்வதற்குள் பசங்க எடுத்து நடட்டும். அனுமதி இருக்கிறதா என்று அவர்களிடம் கேட்காதீர்கள். சாக்கடையை ஆற்றில் விட யார் அனுமதி வாங்கினார்கள்?