அம்மாக்கள் பேசியது யாருக்கு விளங்கியது?

காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாக்களைப் பற்றிய படத்தின் சனிக்கிழமைத் திரையிடலைப் பாராட்டி நேற்றிலிருந்து எல்லோரும் முகநூலில் எழுதுகிறீர்கள். நானும் அங்கே இருந்தேன். நல்ல படம்தான். ஆனால் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் அம்மாக்கள் தமிழில் பேசுகிறார்கள், கீழே ஆங்கில சப்டைட்டில் ஓடுகிறது. பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் பஸ்ஸில் கூட்டிவரப்பட்ட சிங்களக் கிராமத்துச் சனம். தமிழ் ஊரையும் சிங்கள ஊரையும் சேர்த்துவைக்கத்தானே இந்தப் படம்? அப்படியென்றால் சிங்களத்தில் ஒரு வரிகூட ஏன் இல்லை?

"சின்ன விஷயத்தைப் பெரிதாக்குகிறாய்" என்கிறார் ஒரு நண்பர். இலங்கையில் இது சின்ன விஷயமா? 2018 பெப்ரவரியில் அம்பாறை முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் நடந்தது மறந்துவிட்டதா? சாப்பிட வந்த சிங்களவர்கள் கறியில் கிடந்த மாக்கட்டியைக் காட்டி, எங்களுக்குப் பிள்ளை பிறக்காமல் பண்ணக் கருத்தடை மாத்திரை போட்டாயா என்று சிங்களத்தில் அதட்டினார்கள். சிங்களம் சரியாக விளங்காத கடைக்காரர் பயத்தில் ஆமென்றார். அதைப் போனில் எடுத்துப் பரப்பினார்கள். கடையும் பள்ளிவாசலும் அடிபட்டன. அடுத்த வாரம் கண்டி மாவட்டத்தில் வேறொரு சண்டையில் தொடங்கிய முஸ்லிம்களுக்கு எதிரான கலவரம் திகனையை எரித்தபோதும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. சிங்களத்தில் வந்த வெறுப்புப் பதிவுகளைச் சனம் முறையிட்டும் இதே முகநூல் நிறுவனம் நேரத்துக்கு நீக்கவில்லை. கடைசியில் அரசாங்கம் முகநூலையே முடக்கியது. நிறுவனம் மன்னிப்புக் கேட்டது 2020இல். மொழி விளங்காத இடத்தில் ஒரு போன் வீடியோ என்ன செய்யும் என்று பார்த்த நாடு இது. சமாதானத்துக்குப் படம் எடுப்பவர்களுக்கு இது முதலில் தெரிந்திருக்க வேண்டாமா?

முன்பொருமுறை வவுனியாப் பக்கம், தமிழ் ஊரும் சிங்கள ஊரும் சந்திக்கும் எல்லைக் கிராமமொன்றில், பொடியள் போனில் எடுத்த குறும்படத்தைப் பள்ளிக்கூடச் சுவரில் வெள்ளைத் துணி கட்டிப் போட்டோம். சப்டைட்டில் போட எங்களிடம் வசதி இல்லை. இரண்டு மொழியும் தெரிந்த ஒரு டீச்சர் மைக்கோடு நின்று, படத்தை நிறுத்தி நிறுத்திச் சொன்னா. கொஞ்ச நேரப் படம் இரவு வரை இழுபட்டது. முடிந்ததும் ஒரு சிங்கள அம்மா எழும்பிவந்து, கைப்பையிலிருந்து லாமினேட் பண்ணிய படமொன்றை எடுத்தா. இராணுவத்துக்குப் போய்த் திரும்பாத மகன். எங்கள் பக்கத்துத் தமிழ் அம்மா ஒருவரும் தன் மகனின் படத்தை எடுத்தா. "எத்தனை வயசு எண்டு கேளுங்கோ டீச்சர்" என்றா. அதற்குப் பிறகுதான் பேச்சே தொடங்கியது.

சனிக்கிழமை படம் முடிந்ததும் கைதட்டல், குழுப்படம், தேநீர், பஸ். யாரும் யாரோடும் பேசவில்லை.

வெளிநாட்டு விழாக்களுக்கு ஆங்கிலம் வேண்டுமாம். சரி, போடுங்கள். கூடவே சிங்களமும் போடுங்கள். காசு இல்லை என்பதை நான் நம்பமாட்டேன், வானத்திலிருந்து ஊரைக் காட்ட ட்ரோனுக்குக் காசு இருந்ததே. "நல்லது செய்கிறவர்களைக் குறை சொல்லாதே" என்பவர்களுக்கு: கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில் பிள்ளைகள் எங்கே என்று கேட்டுத் தெருவில் போராட உட்கார்ந்தவர்கள் எங்கள் அம்மாக்கள். அவர்கள் ஒவ்வொரு கமராவுக்கு முன்னாலும் அழுவது யாராவது விளங்கிக்கொள்வார்கள் என்றுதான். அவர்களின் கண்ணீரை அதே மண்டபத்தில் இருந்த இன்னொரு அம்மாவுக்கு விளங்காமல் ஓடவிட்டால் எனக்குக் கோபம் வரும். வரத்தான் செய்யும்.

அடுத்த திரையிடல் மாத்தளையில் என்று கேள்விப்பட்டேன். படத்தின் உரையை அனுப்புங்கள். அந்த டீச்சரும் நானும் இருந்து சிங்களத்தில் எழுதித் தருகிறோம். காசு வேண்டாம்.