கண்ணாடியில் சம்மட்டி செய்கிற புத்திசாலிகளுக்கு

சம்மட்டி. கண்ணாடியில் சம்மட்டி. அதுவும் இரண்டு கையாலும் தூக்கி எதிரியின் மண்டையில் போடுகிற சம்மட்டி. ரூன்ஸ்கேப் என்ற இணைய கேம் விளையாடினவர்களுக்குத் தெரியும்: எரிமலைக்குள் குடியிருக்கிற ட்ஸ்ஹார் கூட்டத்தின் ஒப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) சம்மட்டி, அதைத் தூக்கப் பலம் 60 வேண்டும். 60 பலத்தோடு ஒரு கண்ணாடிக் கட்டியை ஓங்கிக் கவசத்தில் அடித்தால் முதலில் தெறிக்கப்போவது யாருடைய கண் என்று அதை வடிவமைத்தவர் ஒரு நிமிடமாவது யோசித்திருப்பாரா?

ஒரு கேம் என்றால் போகட்டும் என்று விடலாம். இங்கே கைக்கு வருகிற எல்லாமே இப்படித்தான். கேமில் ஒப்சிடியன் கேடயம், தொடர்கதையில் ஒப்சிடியன் கோட்டைக் கதவு, இணையத்தில் ஒப்சிடியன் நெடுவாள், அதை உலையில் போட்டுத் தட்டுகிற கிழட்டுக் கொல்லன். திருகோணமலையில் கூடியிருந்து பகடை உருட்டி விளையாடுகிற பெடியள்கூட, தங்கட வீரனுக்கு முதல் ஆயுதமாக எழுதுவது கறுப்பு ஒப்சிடியன் வாள்தான். ஏனடா தம்பி அது நடுவில் முறியாது என்று கேட்டால் ஒரே பதில்: "அண்ணா, இது ஃபான்டசிதானே, விடுங்கோ."

விட ஏலாது. ட்ராகன் பறக்கட்டும், நெருப்புக் கக்கட்டும், அது நீங்கள் உண்டாக்கினது, அதன் சட்டம் உங்கள் கையில். ஒப்சிடியன் நீங்கள் உண்டாக்கினது இல்லை. நிஜக் கல். அதன் கூருக்காகத்தான் அதைக் கதைக்குள் கொண்டுவந்தீர்கள். அந்தக் கூர் எதனால் வருகிறதோ அதே காரணத்தால்தான் அது நொறுங்குகிறது. முதல் பாதியை எடுத்துக்கொண்டு இரண்டாம் பாதியை ஒளித்தால் அதற்குப் பெயர் கற்பனை இல்லை, சோம்பல்.

விசயம் சின்னது. சிலிக்கா 70 வீதத்துக்கு மேலே உள்ள, தடித்த, மெதுவாக ஊர்கிற லாவா, உள்ளே பளிங்குகள் (படிகங்கள்) வளர வழியில்லாமல் இறுகினால் வருவது ஒப்சிடியன். பளிங்கு இல்லாததால் உள்ளே வரிசை இல்லை, வெடிப்பைத் திருப்பி விடவோ தடுக்கவோ எதுவும் இல்லை. வெடிப்பு வளைந்து வழுக்கிக்கொண்டு போய் மறுபக்கம் வெளியே வரும். அது வெளியே வருகிற இடத்தில் கிடைக்கிற விளிம்பு சில நானோமீற்றர் தடிப்புத்தான். நல்ல சவர அலகுகூட அதற்குக் கிட்ட வராது. ஒரு போத்தல் உடைந்தால் அதன் துண்டு எப்படி வெட்டுமோ அப்படித்தான் இதுவும், இன்னும் நுணுக்கமாக.

உடனே "மோஸ் அளவுகோலில் 5 முதல் 5.5 அண்ணா, கத்தி உருக்கு மாதிரித்தானே" என்று ஒருவர் வருவார். அந்த அளவுகோல் எது எதைக் கீறும் என்று மட்டும் சொல்லும், எது முறியும் என்று சொல்லாது. கீறலில்கூட ஒப்சிடியன் பெரிய சண்டியன் இல்லை. குவார்ட்ஸ் 7. உப்புவெளிக் கடற்கரையில் காலில் ஒட்டுகிற மணலுக்குள் இருக்கிற குவார்ட்ஸ் பருக்கை போதும், உங்கள் மந்திர வாளில் கோடு போட. முறிவுக்கு அளவு வேறு: வெடிப்பு பரவாமல் தாங்குகிற திறன். சாதாரணக் கண்ணாடிக்கு அது 1 என்ற எண்ணுக்கும் கீழே, கட்டட உருக்குக்கு 50க்கும் மேலே. ஒரு மீற்றர் நீளமான கண்ணாடி அலகை இரும்பு வாளோடு மோதவிட்டால் இரண்டாவது மோதலுக்கு உங்கள் கையில் பிடி மட்டும் இருக்கும்.

அதை நன்றாக அறிந்திருந்தவர்கள் மெக்சிக்கோவில் இருந்தார்கள். அஸ்டெக் வீரர்களின் மக்குவாவிட்ல் ஒரு மரச் சட்டம். துடுப்புப் போலத் தட்டை, இரண்டு ஓரத்திலும் நீளத்துக்கு ஒரு தவாளிப்பு, அதற்குள் வரிசையாக ஒப்சிடியன் அலகுத் துண்டுகள், பிசின் வைத்து இறுக்கினது. அடியின் வேகத்தைத் தாங்குவது மரம், வெட்டுவது கண்ணாடி. ஒரு துண்டு உடைந்தால் மிச்சத் துண்டுகள் இருக்கும், உடைந்ததைக் கழற்றிப் புதுசு பதிக்கலாம். இதுதான் பொறியியல். அதன் அடியில் குதிரையே விழுந்ததாக ஸ்பானியர் எழுதி வைத்திருக்கிறார்கள். மட்ரிட் அரச ஆயுதசாலையில் இருந்த ஒன்று 1884 தீயில் போய்விட்டது, இன்றைக்குப் படங்களும் மாதிரிகளும்தான்.

அந்த அலகுத் துண்டை எடுப்பதே ஒரு தனித் தொழில். முதலில் கட்டியைக் கல்லால் தட்டித் தட்டி உருளை வடிவக் கருவாக்க வேண்டும். மேல் முகத்தைத் தேய்த்துச் சொரசொரப்பாக்க வேண்டும், இல்லையென்றால் கருவியின் நுனி வழுக்கும், அல்லது விளிம்பு மாவாகும். பிறகு தட்டுவதில்லை, அழுத்துவது. விளிம்புக்கு மிகக் கிட்ட நுனியை வைத்து, உடம்புப் பாரத்தைக் கீழ்நோக்கியும் கொஞ்சம் வெளிநோக்கியும் கொடுத்தால் நீளமான மெல்லிய துண்டு ஒன்று கழன்று வரும். வெளிநோக்கிய விசை கூடினால் துண்டு பாதியில் மடிந்து முறிந்து, கருவில் ஒரு படி விழும். அந்தப் படியைச் சரிக்கட்டாமல் அடுத்ததை எடுத்தால் அதுவும் அதே இடத்தில் முறியும். வெடிப்பு உள்நோக்கிச் சாய்ந்தால் கருவின் அடிப்பாகத்தையே அள்ளிக்கொண்டு போகும், அந்தக் கருவின் நீளம் அதோடு சரி. ஒவ்வொரு அழுத்தலுக்கும் கண்ணுக்குத் தெரியாத பொடியும் சிதறலும் பறக்கும். மூக்குக் கண்ணாடியும் தோல் மறைப்பும் இல்லாமல் இருக்கிறவனுக்குக் கண்ணும் கையும் மிஞ்சாது. இவ்வளவு பதற்றமும் பக்குவமும் உள்ள ஒரு தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டு, "கொல்லன் ஒப்சிடியனைப் பழுக்கக் காய்ச்சி அடித்தான்" என்று எழுதுகிறீர்களே, கை கூசாதா?

காய்ச்சினால் என்ன நடக்கும், கேளுங்கள். வேகமாகச் சூடேற்றினால் வெளிப்பக்கம் விரிந்து, உள்பக்கம் விரியாமல், உலைக்குள்ளேயே வெடிக்கும். மெதுவாக ஏற்றினாலும் பலவகை ஒப்சிடியன்களுக்குள் சிறிதளவு நீர் பூட்டுப்பட்டிருக்கிறது. கண்ணாடி இளகுகிற சூட்டில் அந்த நீர் ஆவியாகிக் கல்லை உப்பவைக்கும். நீர் கூடின உறவுக்காரக் கண்ணாடி ஒன்று உண்டு, பேர்லைட். அதை 850, 900 பாகை செல்சியஸுக்குச் சூடாக்கித்தான் பூச்சாடிக் கலவையில் வெள்ளை வெள்ளையாகக் கிடக்கிற அந்த நொய்யான உருண்டைகளைச் செய்கிறார்கள். உங்கள் கொல்லன் வாள் அடிக்கவில்லை, பூச்சாடிக்கு உரம் கிண்டுகிறான். (உரமும் இல்லை, அது வேர்க் காற்றோட்டத்துக்குப் போடுவது.)

கவசத்தைப் பற்றிக் கதைக்கவே வேண்டாம். அடர்த்தி 2.4 அளவில், உருக்கு 7.8, ஆகவே இலேசு என்று ஆசைப்படுகிறார்கள். அடி விழுந்தால் சிதறுவது உள்பக்கமாகவும்தான், வயிற்றை நோக்கி.

இனி மைன்கிராஃப்ட், கட்டை கட்டையாக உலகம் கட்டுகிற கேம். எல்லாரும் இதில்தான் பழகினார்கள், ஆகவே எல்லாத் தப்பும் இங்கிருந்துதான் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. அங்கேயும் பைத்தியக்காரத்தனம் இருக்கிறது: குண்டு வெடிப்பைத் தாங்குகிற எண் சாதாரணக் கண்ணாடிக்கு 0.3, ஒப்சிடியனுக்கு 1200. அதாவது கண்ணாடியைவிடக் கண்ணாடி 4000 மடங்கு பலம்! ஒரு கட்டை ஒரு கன மீற்றர் என்றால் 64 கட்டைகள் ஏறக்குறைய 150 தொன், அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓடலாம். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். மூல விளையாட்டில் ஒப்சிடியன் வாள் இல்லை, ஒப்சிடியன் கவசம் இல்லை. அதெல்லாம் பிறகு ஆர்வக்கோளாறில் மோட் (கேமில் தாங்களாகச் சேர்க்கிற மாற்றம்) செய்தவர்கள் ஒட்டினது. அங்கே ஒப்சிடியன் கட்டடப் பொருள், வேற்றுலகத்துக்குப் போகிற வாசலின் நிலை, மந்திர மேசைக்கு 4 கட்டை. தன் சட்டத்தைத் தானே மீறாத விளையாட்டு அது.

எரிச்சல் வருவது அதை விளையாடிக் காட்டுகிற வீடியோக்களில். "வைரப் பிக்காசு இல்லாமல் வாசல் கட்டலாம் மக்களே" என்று தொடங்கி, முக்கியமான இடத்தில் வீடியோவை வெட்டிவிடுகிறார்கள். முழுசாகச் சொல்கிறேன். வாசல் வெளியளவு 4 அகலம், 5 உயரம், மூலை நான்கையும் விட்டால் 10 கட்டை போதும். லாவா வாளி 10 தடவை, தண்ணீர் வாளி ஒன்று. மண் கட்டையால் அச்சுக் கட்டி, லாவாவை ஊற்றுகிற குழி நாலு பக்கமும் அடியும் அடைத்திருக்க வேண்டும். மேலேயிருந்து அல்லது பக்கத்திலிருந்து ஓடுகிற தண்ணீர், ஊற்றின லாவாவின் மூலத்தைத் தொட்டால்தான் ஒப்சிடியன். அச்சில் ஓட்டை இருந்து லாவா வழிந்து, வழிகிற லாவாவைத் தண்ணீர் தொட்டால் உருளைக்கல்தான் கிடைக்கும், ஒரு வாளி நட்டம். லாவா மேலேயிருந்து தண்ணீருக்குமேல் இறங்கினால் வெறும் கல். தப்பான இடத்தில் ஒப்சிடியன் ஆகிவிட்டால் கையால் உடைக்க 250 வினாடி, உடைத்தாலும் ஒன்றும் கையில் வராது. வைரப் பிக்காசு உள்ளவருக்கு ஒரு கட்டைக்கு 9.4 வினாடி, ஆனால் லாவாக் குளத்துக்கு மேலே நின்று உடைத்தால் கட்டை கீழே லாவாவுக்குள் விழுந்து எரியும். பக்கத்தில் தண்ணீரை ஓடவிட்டுக்கொண்டு உடைத்தால், கீழ் அடுக்கும் உடனுக்குடன் இறுகிவிடும். இந்த ஒரு வரியைச் சொல்லாமல் இருபது நிமிட வீடியோ!

சரி, அந்த விளையாட்டால் வந்த உண்மையான கேடு வேறு. சிவப்புக் குழம்பில் தண்ணீர் ஊற்றினால் ஒப்சிடியன் வரும் என்று எல்லாரும் நம்பிவிட்டார்கள். ஆறாக ஓடுகிற சிவப்பு லாவா பசால்ட், சிலிக்கா 50 வீதத்துக்குக் கிட்ட, வெப்பம் 1100 பாகைக்கு மேலே. அதில் தண்ணீர் பட்டால் மேலே மெல்லிய கண்ணாடித் தோலும், சிதறின துகள்களும். வாள் செய்யக் கட்டி வராது. ஒப்சிடியன் தருகிற ரையோலைட் லாவா அதைவிடக் குளிர், ஊர்வது நத்தை வேகத்தில். தண்ணீரும் தேவையில்லை. சிலியில் கோர்டோன் கௌயே எரிமலை 2011இலும் 2012இலும் கக்கினபோதுதான் இப்படி ஓர் ஒப்சிடியன் ஓட்டத்தை அறிவியலாளர்கள் நேரில் நின்று அளந்தார்கள். கக்கல் நின்ற பிறகும் அந்த ஓட்டம் மாதக்கணக்கில் ஊர்ந்துகொண்டே இருந்தது. வில்லன் ஓடி வர, பின்னால் மலை மாதிரிக் கறுப்புக் கண்ணாடி மாதக்கணக்கில் ஊர்கிறது என்று யாராவது எழுதுங்களேன், அது எவ்வளவு பயங்கரம்!

இதில் நம் ஊர்க் கூத்து தனி. கன்னியா வெந்நீர்க் கிணறுகள் ஏழுக்கும் கீழே எரிமலை தூங்குகிறதாம், இராவணன் அங்கே ஒப்சிடியன் வாள் வடித்தானாம். புல்மோட்டை மணல் கறுப்பு, ஆகவே அது எரிமலைச் சாம்பலாம். கன்னியாவில் எரிமலை இல்லை ஐயா. ஆழத்துக்கு இறங்கின மழைநீர் அங்கே சூடேறி, பாறை வெடிப்புகளால் மேலே வருகிறது. புல்மோட்டைக் கறுப்பு இல்மனைட், பழைய பாறைகள் தேய்ந்து கடல் சலித்துக் கொடுத்த கனிமம், கூடவே ரூட்டைலும் சிர்க்கனும். இந்தத் தீவின் பாறைகளில் பெரும்பாலானவை ஐம்பது கோடி ஆண்டுக்கும் முந்தியவை. ஒப்சிடியன் அவ்வளவு காலம் கண்ணாடியாகவே இருக்காது, உள்ளே பளிங்கு கட்டத் தொடங்கிவிடும். நம் ஊருக்குக் கதை வேண்டுமென்றால் குவார்ட்ஸ் இருக்கிறது. இந்தத் தீவின் குகைவாசிகள் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்னே விரல்நக அளவில் செதுக்கின கருவிகள் பெரும்பாலும் குவார்ட்ஸில்தான். ஒப்சிடியன்தான் வேண்டுமென்றால் கப்பலில் வரட்டும். துறைமுகம் இருக்கிற ஊர்தானே, தொலைநாட்டுக் கல்லுக்கு ஒரு வியாபாரி, ஒரு விலை, ஒரு கடத்தல்காரன் என்று கதை தானாக விரியும்.

எல்லாரும் மோசம் என்று சொல்லவில்லை. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை விளையாட்டில் 1991இல் வந்த டார்க் சன் உலகத்தில் உலோகம் அரிது, ஆயுதம் எலும்பிலும் ஒப்சிடியனிலும், அவை முறிவதற்கே விதி வைத்தார்கள். பனிப்பேய்களை ட்ராகன் கண்ணாடியால் (அங்கே ஒப்சிடியனுக்கு அதுதான் பெயர்) குத்துகிற, ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் அந்தப் புகழ்பெற்ற நாவல் வரிசையிலும், பேயைக் கொன்ற அதே குத்துவாள் அடுத்து ஒரு நடைப்பிணத்தின் இரும்புச் சட்டையில் பட்டுச் சுக்குநூறாகிறது. வாசிக்கிறவனுக்கு அந்த இடத்தில்தான் மூச்சு நிற்கும்.

பகடை உருட்டுகிறவர்களுக்கு ஒரு விதி, எடுத்துக்கொள்ளுங்கள். மரச் சட்டத்தில் பக்கத்துக்கு 6 அலகு. தசையில் பட்டால் முழுச் சேதம், வாளுக்கு உள்ளதைவிட ஒரு படி கூட. கவசத்திலோ கேடயத்திலோ கல்லிலோ பட்டால் ஆறுபக்கப் பகடை: 1, 2, 3 விழுந்தால் ஓர் அலகு போச்சு. பக்கத்தில் மூன்று அலகுக்குக் குறைந்தால் சேதம் பாதி, எல்லாம் போனால் கையில் பொல்லு. புது அலகு பதிக்கப் பிசினும், நெருப்பும், ஒரு இராத்திரியும் வேண்டும். இதை வைத்து விளையாடிப் பாருங்கள், எந்த எதிரியை எப்போது வெட்டுவது என்று பெடியள் முதல்தடவையாக யோசிப்பார்கள்.

கடைசியாக, படம் வரைகிறவர்கள். கறுப்பு வாளில் ஒரு வெள்ளைக் கோடு போட்டால் ஒப்சிடியன் ஆகாது. உடைந்த முகத்தில் சிப்பி ஓட்டில் உள்ளது போன்ற வளைவு வளைவான அலை வரவேண்டும். விளிம்பு மெலிகிற இடத்தில் கறுப்பு நின்று புகைப் பழுப்பாக வெளிச்சம் ஊடுருவ வேண்டும். மெக்சிக்கோவின் பச்சூகா கல் என்றால் பொன்கலந்த பச்சை, இரும்பு ஒக்சைட் கலந்தது என்றால் செம்பழுப்பு, உள்ளே பளிங்கு கட்டினது என்றால் வெள்ளைப் புள்ளிகள். அலகு நேராக நீளமாக இருக்காது, துண்டு துண்டாக மரத்தில் பதிந்திருக்கும், இடையில் ஒன்றிரண்டு உடைந்திருக்கும். இவ்வளவும் வரைய ஏலாதென்றால் இரும்பு வாளையே வரையுங்கள், ஒருத்தரும் கேட்கமாட்டார்கள்.