அந்த மரத்தில் ஓஸ்வால்டோ ஃபாடா எங்கே?

பிரேசிலிய ஜியு-ஜிட்சு என்ற மல்யுத்தக் கலையை யார் யாரிடம் கற்றார்கள் என்று காட்டும், நேற்று எல்லோரும் பகிர்ந்த அந்த 'பிரேசிலிய ஜியு-ஜிட்சு வம்ச மரம்' படத்தைப் பார்த்திருப்பீர்கள். அதன் கீழே 'ஓஸ்வால்டோ ஃபாடா எங்கே?' என்று நான் கேட்ட ஒரே கேள்விக்கு விழுந்த பதில்களையும் பார்த்திருப்பீர்கள். "வயிற்றெரிச்சல்" என்றார் ஒருவர். "நீல பெல்ட்டுக்கு எதுக்கு வரலாறு?" என்றார் இன்னொருவர், நான் இன்னும் ஆரம்பப் படியில்தான் இருக்கிறேன் என்று குத்திக்காட்டி. சரி, இங்கேயே சொல்கிறேன்.

மேலே மித்சுயோ மயேடா, அடுத்து கார்லோஸ் கிரேசி, எலியோ கிரேசி, அப்புறம் பிள்ளைகள், பேரன்கள். அவ்வளவுதான் மரம். ஃபாடா எங்கே?

மயேடா 1914இல் பிரேசிலுக்கு வந்து, பிறகு பெலேமில் தங்கிய ஜப்பானிய ஜூடோ வீரர். அந்த வழியில் வந்தவர் கார்லோஸ் மட்டுமில்லை, லூயிஸ் ஃபிரான்சாவும் உண்டு. ஃபிரான்சாவின் மாணவர்தான் ஃபாடா. ரியோவின் புறநகரான பென்ட்டோ ரிபெய்ரோவில், காசில்லாத பையன்களுக்கு இலவசமாகக் கற்றுக்கொடுத்தவர். 1950களில் கிரேசி அகாடமிக்குச் சவால் விட்டு, தன் மாணவர்களை அங்கேயே கூட்டிப்போய் ஜெயித்தார். அந்த மாணவர்களின் பலம் ஃபுட்லாக், அதாவது எதிராளியின் பாதத்தை மடக்கிப் பணிய வைக்கும் பிடி. அதைச் செருப்புத் தைக்கிறவன் வேலை என்று கிரேசி தரப்பில் ஏளனம் செய்தார்கள். தோற்றவர்களின் பெயர் மரத்தில் இருக்கிறது. ஜெயித்தவரின் பெயர் இல்லை.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறுத்துகிறது என்று கேட்பவர்களுக்கு: வெளியூரிலிருந்து வந்த ஒரு பயிற்சியாளரின் வகுப்பில், என்னைவிட மேல் பெல்ட்காரர் ஒருவரை ஃபுட்லாக்கில் டேப் பண்ண வைத்தேன், அதாவது கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொள்ள வைத்தேன். அந்தப் பயிற்சியாளர் எல்லோர் முன்னாலும், "தம்பி, காலைப் பிடிக்கிறதெல்லாம் சில்லறை வேலை. உன் மாஸ்டர் யார்கிட்ட படிச்சவர்?" என்றார். சொன்னேன். அவர் யாரிடம், அதற்கு மேலே யார் என்று கேட்டுக்கொண்டே போய், நோவா உனியாவ் என்ற பிரேசில் அணியின் பெயர் வந்ததும், "ஓ, அந்தப் பக்கமா" என்று திரும்பிக்கொண்டார். என் மாஸ்டர் மேட் ஓரத்தில் நின்று விரலில் ஒட்டுப் பட்டையைச் சுற்றிக்கொண்டிருந்தார். சுற்றி முடித்த விரலிலேயே மறுபடியும் சுற்றினார். வண்டியை எடுக்கும்போது "விடுப்பா" என்றார், அவ்வளவுதான். நோவா உனியாவைத் தொடங்கிய இருவரில் ஒருவரான வெண்டெல் அலெக்சாந்த்ரே ஃபாடா வழியில் வந்தவர். அதனால் எனக்கு விட மனசில்லை.

"கிரேசிகள் இல்லையென்றால் உனக்கு இந்தக் கலையே தெரிந்திருக்காது" என்பீர்கள். உண்மைதான். 1993இல் டென்வரில், எல்லாச் சண்டைக் கலைகளும் மோதிய முதல் யுஎஃப்சி போட்டியை எலியோவின் மகன் ஹோய்ஸ் ஜெயித்ததால்தான் உலகமே திரும்பிப் பார்த்தது. 2009 உலகப் போட்டியில் ரோஜர் கிரேசி எதிரில் வந்த எல்லோரையும் கழுத்தை நெரித்தே முடித்ததை நான் சலிக்காமல் பார்க்கிறவன். ஆனால் ரோஜரின் அப்பா யார்? மவுரீசியோ கோமெஸ், ஹோல்ஸ் கிரேசியிடம் கறுப்பு பெல்ட் வாங்கியவர். கிரேசி என்பது ரோஜருக்கு அம்மா வழியில் வந்த பெயர். பெற்ற அப்பனின் பெயரே அந்த மரத்தில் நிற்கவில்லை என்றால் ஃபாடாவுக்கு எங்கிருந்து இடம் கிடைக்கும்?

"ஃபிரான்சா யாரிடம் கற்றார் என்பதிலேயே சர்ச்சை உண்டே" என்றும் ஒருவர் எழுதியிருக்கிறார். இருக்கட்டும். ஃபாடா என்று ஒருவர் இருந்ததில் என்ன சர்ச்சை?

1951இல் ரியோவின் மரக்கானா மைதானத்தில் எலியோவின் கையை ஜப்பானிய ஜூடோ வீரர் கிமுரா முறித்ததை மட்டும் பெருமையாகச் சொல்கிறோம், டேப் பண்ணாத வீரம் என்று. எனக்கும் அதில் மரியாதை உண்டு. 1955இல் அதே எலியோவை மூன்றரை மணி நேரத்துக்கும் மேலாக மோதித் தோற்கடித்த வால்டெமார் சந்தானா, அந்த அகாடமியிலேயே வேலை பார்த்துக்கொண்டு கற்ற கறுப்பினத்தவர். அவரைப் பற்றி ஒரு பதிவு போட்டிருக்கிறீர்களா? ரியோவின் கன்டகாலோ ஃபவேலாவிலிருந்து (குடிசைப் பகுதி) வந்து உலகச் சாம்பியன் ஆன தெரெரேவைப் பற்றி? 1990இலேயே கறுப்பு பெல்ட் வாங்கிய இவோனி துவார்த்தேவைப் பற்றி? கிரேசி வீட்டுப் பெண்களே அந்த மரத்தில் இல்லையே! பலமுறை உலகப் பட்டம் வென்ற கைரா கிரேசி எங்கே? 'எங்கள் வீட்டுப் பெண்களை யாரும் பயிற்சிக்கு வா என்று ஊக்கப்படுத்தியதில்லை' என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். ஆண் வாரிசு மட்டும்தான் வம்சமா?

நான் யாருடைய படத்தையும் கிழிக்கச் சொல்லவில்லை. படத்தை வரைந்த நண்பர் என்னை பிளாக் செய்துவிட்டார், அதனால் அவரைத் தெரிந்தவர்கள் சொல்லிவிடுங்கள்: மயேடாவுக்குக் கீழே இன்னொரு கோடு போடுங்கள். ஃபிரான்சா, அதற்கடியில் ஃபாடா. சர்ச்சை என்றால் புள்ளிக்கோடாகவே போடுங்கள்.