ஓவன்ஸ் பள்ளத்தாக்கின் கதையை எங்கிருந்து தொடங்குவது?

லாஸ் ஏஞ்சலஸில் எங்கள் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீரில் ஒரு பங்கு, வடக்கே 300 கிலோமீட்டருக்கும் மேல் தள்ளியிருக்கும் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து வருகிறது. போன மாதம்தான் முதல்முறை அங்கே போனேன். அது இன்யோ கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் மாதிரி) இருக்கிறது. 4,421 மீட்டர் உயர விட்னி சிகரமும், கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே கிடக்கும் பேட்வாட்டரும் இந்த ஒரே கவுண்டியில்தான். அவ்வளவு பெரிய இடத்தில் சுமார் 19,000 பேர்.

இந்த ஊர்க் கதையை எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள். 1905 வாக்கில் லாஸ் ஏஞ்சலஸின் முன்னாள் மேயர் ஈட்டன் இங்கே நிலத்தையும் நீருரிமையையும் வாங்கிச் சேர்த்தார். பொறியாளர் முல்ஹாலண்ட் கால்வாய் கட்டினார். 1913இல் தண்ணீர் நகரத்துக்கு வந்தது. 1924இல் கொதித்துப்போன விவசாயிகள் அந்தக் கால்வாயின் அலபாமா மதகைக் கைப்பற்றி நான்கு நாள் தண்ணீரைத் திருப்பிவிட்டார்கள். ஓவன்ஸ் ஏரி வற்றிப் புழுதிக்காடானது. அந்தப் புழுதியை அடக்க நகரம் இப்போது கோடிகோடியாகக் கொட்டுகிறது (நன்றாக வேண்டும்!).

சரி. அந்த விவசாயிகள் கைக்கு அந்தத் தண்ணீர் எப்படி வந்தது?

அந்தப் பள்ளத்தாக்கின் பழங்குடிகளான பையூட் மக்கள் அந்த இடத்தைப் பயாஹூனடு என்கிறார்கள், நீரோடும் நிலம் என்று அர்த்தம். வெள்ளையர் வருவதற்கு முன்பே அவர்கள் ஓடையில் அணை போட்டு, வாய்க்கால் வெட்டி, கிழங்கும் புல்தானியமும் விளையும் நிலங்களுக்கு நீர் பாய்ச்சினார்கள். அதைக் கவனிக்க ஒரு நீர்பாய்ச்சியையும் ஊரே சேர்ந்து தேர்ந்தெடுத்தது. 1861இலிருந்து மாட்டுமந்தைகள் வந்து அந்த நிலத்தையே மேய்ந்தன. சண்டை மூண்டது. 1863இல் ராணுவம் பையூட் மக்களில் கிட்டத்தட்ட ஆயிரம் பேரைத் தெற்கே தள்ளியிருந்த டெஹோன் கோட்டைக்கு நடத்தியே கொண்டுபோனது. தப்பித் திரும்பியவர்கள் தங்கள் நிலத்திலேயே கூலிகளானார்கள். ஆக, நகரம் விலைகொடுத்து வாங்கியது ஏற்கெனவே பறிக்கப்பட்ட தண்ணீர். விவசாயிகள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் கதையை அவர்களிடமிருந்து தொடங்குவது எனக்கு ஒப்பவில்லை.

அதே பள்ளத்தாக்கில் இருக்கும் மன்சனார் போனால் இது கண்ணுக்குத் தெரியும். பையூட் மக்கள் வாழ்ந்த இடம். பிறகு ஆப்பிள் தோட்டக்காரர்களின் ஊர். நகரம் நிலத்தை வாங்கியதும் அந்த ஊரும் காலியானது. 1942இல், ஜப்பானோடு போர் நடந்தபோது, அமெரிக்க அரசு அதே இடத்தில் முள்வேலி போட்டு, மூன்றரை ஆண்டுகளில் மொத்தம் 11,000க்கும் மேற்பட்ட ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்தது. பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். கைவிடப்பட்டுக் கிடந்த பேரி, ஆப்பிள் மரங்களைக் கவாத்து செய்து திரும்பக் காய்க்க வைத்தது அவர்கள்தான். சில மரங்கள் இன்னும் நிற்கின்றன. அங்கேதான் நான் அதிக நேரம் நின்றேன்.

1930களின் கடைசியில் பையூட் மக்களுக்கென ஒரு நிலமாற்று ஏற்பாடு நடந்தது. நகரத்துக்குக் கொடுத்தது 2,900 ஏக்கருக்கும் மேல். நகரத்திடமிருந்து கிடைத்தது சுமார் 1,400. நீருரிமை அதில் சேரவில்லை. வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சம்மதிக்காமல் அதைக் கொடுக்க நகரச் சாசனம் இடம் தராது என்றார்கள். லாஸ் ஏஞ்சலஸில் நானும் ஒரு வாக்காளன். அப்படி ஒரு கேள்வியை எந்த வாக்குச்சீட்டிலும் நான் பார்த்ததில்லை.